கலைந்ததும் கலைத்ததும்: இந்தியாவின் கருக்கலைப்புக் கணக்கு

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்து. மாடிக்கு ஏறும் இரும்பு ஏணிக்குக் கீழே மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். ஒரு சுகாதாரக் கணக்கெடுப்புக்காக இந்தியில் தயாரித்த கேள்வித்தாளை யாரோ தமிழாக்கியிருந்தார்கள். அந்தத் தமிழ் இங்குள்ள பெண்களுக்குப் புரிகிறதா என்று கூடவே போய்ப் பார்த்துச் சொல்வது என் வேலை. கேள்வி கேட்க வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், சயான் கோலிவாடாக்காரி. பதில் சொன்னவர் தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். இரண்டு பையன்கள்.

"உங்களுக்குக் கருச்சிதைவு அல்லது கருக்கலைப்பு ஏற்பட்டதுண்டா?" என்று தாளில் இருந்ததை அப்படியே படித்தாள்.

"என்ன பிள்ள கேக்க?"

"இல்லக்கா, உண்டாகி நிக்காமப் போனது எதுவும் இருக்கான்னு."

"சின்னவனுக்கு அப்புறம் ஒண்ணு கலைஞ்சி போச்சு."

கருச்சிதைவு என்ற கட்டத்தில் ஒரு டிக். அடுத்த கேள்வி. எல்லாம் முடிந்து, தாளை மூடி, டீ வந்த பிறகு அவரே தொடர்ந்தார்: "அவரு மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கியாந்தாரு. அன்னைக்கு ஒண்ணு, ஒரு நா விட்டு நாலு. அதுலதான் கலைஞ்சி போச்சு." கேள்வி கேட்டவள் என்னைப் பார்த்தாள். நான் மூடிய தாளைப் பார்த்தேன்.

அவர் பொய் சொல்லவில்லை. மேகம் கலையும், கூட்டம் கலையும், தூக்கம் கலையும். கலைத்தது யார் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அந்த வினைச்சொல்லுக்குக் கிடையாது. "கலைஞ்சிச்சு", "கலைச்சேன்" இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெய்யெழுத்து. கணக்கெடுப்பிலோ அது இரண்டு தனிக் கட்டங்கள். கருச்சிதைவு என்றால் தானாக நேர்வது, கருக்கலைப்பு என்றால் செய்துகொள்வது என்று நாம் எழுத்தில் பிரித்து வைத்திருக்கிறோம். வீட்டில் அப்படி யாரும் பிரித்துப் பேசுவதில்லை. மும்பைத் தமிழில் இன்னொரு சொல்லும் உண்டு, "சஃபாய்". இந்தியிலிருந்து வந்தது, சுத்தம் செய்வது என்று பொருள். தானாகக் கலைந்து மிச்சத்தை எடுத்தாலும் சஃபாய்தான், வேண்டாமென்று போய் எடுத்தாலும் சஃபாய்தான்.

இந்தியாவில் வருடத்துக்கு எத்தனை கருக்கலைப்புகள் நடக்கின்றன என்று கேட்டால் ஏன் ஒன்றுக்கொன்று ஒட்டாத பதில்கள் வருகின்றன என்பதற்கு இந்த ஏணிக்கடி உரையாடல் ஒரு நல்ல தொடக்கம். 2014–15இல் அரசு பதிவேடுகளின்படி நடந்தவை 7 லட்சத்துச் சொச்சம். 2015ஆம் ஆண்டுக்கென்று ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு 1 கோடியே 56 லட்சம். ஏறக்குறைய 22 மடங்கு. விலைவாசிக் குறியீட்டிலோ நெல் விளைச்சலிலோ இப்படி ஒரு இடைவெளி வந்திருந்தால் நாடாளுமன்றம் நாலு நாள் நடந்திருக்காது.

முதலில் பழைய கணக்குகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்த ஊருக்கும் அதில் பங்கு உண்டு. 1964இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் சாந்திலால் ஷா, அப்போது மகாராஷ்டிராவில் அமைச்சர். 1966 கடைசியில் அந்தக் குழு தந்த அறிக்கைதான் இன்றைய சட்டத்தின் தாய். நாட்டில் எத்தனை நடக்கிறது என்று அவர்களுக்கும் நேரடியாகத் தெரியாது. ஆயிரம் பேர் உள்ள மக்கள்தொகையில் வருடத்துக்கு இத்தனை கர்ப்பம், அதில் இத்தனை கலைகிறது, இத்தனை கலைக்கப்படுகிறது என்று ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டார்கள். 50 கோடி ஜனத்துக்கு அதைப் பெருக்கினால், தானாகக் கலைவது 26 லட்சம், கலைக்கப்படுவது 39 லட்சம். வேடிக்கை என்னவென்றால், கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 1990களின் தொடக்கத்தில் வந்த 67 லட்சம் என்ற மதிப்பீடும் அதே பழைய விகிதத்தைப் புது மக்கள்தொகையால் பெருக்கியதுதான். நடுவில் சட்டம் மாறியது, கருத்தடை வந்தது, ஸ்கேன் வந்தது. விகிதம் மட்டும் 1966லேயே நின்றது. அப்புறம் மும்பையின் சேஹத் அமைப்பும் டெல்லியின் ஹெல்த்வாட்ச் அமைப்பும் சேர்ந்து 2000த்தில் தொடங்கிய பெரிய ஆய்வுத் திட்டம் வந்தது. களத்தில் இறங்கிக் கேட்டு அவர்கள் வந்தடைந்த எண் 64 லட்சம்.

1.56 கோடி எங்கிருந்து வந்தது? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வு பெண்களிடம் கேட்கவே இல்லை. கேட்டால் சரியான பதில் வராது என்பதை ஏற்றுக்கொண்டுதான் அது தொடங்குகிறது. அமெரிக்காவின் குட்மாக்கர் நிறுவனம், டெல்லியில் பாப்புலேஷன் கவுன்சில், மும்பை தேவனாரில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் மூன்றும் சேர்ந்து செய்தார்கள். (தேசிய குடும்பநல ஆய்வை நடத்துவதும் இந்த மூன்றாவது நிறுவனம்தான். கோவண்டி ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்.) தமிழ்நாடு, அசாம், பீகார், குஜராத், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய ஆறு மாநிலங்களில் 4,001 மருத்துவமனைகளில் எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். இது ஒரு பங்கு. இன்னொரு பங்குதான் புதுமை: நாடு முழுக்கக் கருக்கலைப்பு மாத்திரை எவ்வளவு விற்றிருக்கிறது என்ற வியாபாரக் கணக்கு. பெண் சொல்ல மாட்டாள், மொத்த வியாபாரியின் பில் சொல்லும். முடிவுகள் 2018 ஜனவரி லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தன. மொத்தம் 1.56 கோடி. அதில் மருத்துவமனைகளில் நடந்தவை 34 லட்சம், அதாவது 22 சதவீதம். மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையில் முடிந்தவை 1.15 கோடி, 73 சதவீதம். மீதி 8 லட்சம், 5 சதவீதம், வேறு வழிகளில்: குச்சி, வேர், நாட்டு மருந்து, யார் யாரோ.

அந்த மாத்திரை எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காக. சின்ன அட்டை. அதில் ஒரு மாத்திரை தனியாக, 200 மில்லிகிராம் மிஃபிப்ரிஸ்டோன். அது கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் வேலையைத் தடுக்கும். ஒன்றிரண்டு நாள் விட்டுப் போட வேண்டிய நாலு மாத்திரை, ஒவ்வொன்றும் 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால். அது கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து வெளியேற்றும். இந்தியா மிஃபிப்ரிஸ்டோனுக்கு அனுமதி கொடுத்தது 2002இல். இரண்டும் ஒரே அட்டையில் வரத் தொடங்கியது 2008இல். ஒன்பது வாரம் வரைக்கும்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. கடையில் இதன் பெயர் "கிட்". ஐ-பில் மாதிரியான அவசரக் கருத்தடை மாத்திரையையும் இதையும் ஒன்றென்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கர்ப்பம் தரிக்காமல் தடுப்பது, இது தரித்ததை முடிப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு மூன்று நாள் தாமதிக்கிற பெண்களைப் பற்றி எந்த மகளிர் மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார்.

இந்த மதிப்பீட்டில் ஓட்டை இல்லையா? உண்டு. விற்ற கிட்டெல்லாம் விழுங்கிய கிட் ஆகாது. ஒன்று வேலை செய்யாமல் இரண்டாவது வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், காலாவதியாகி அலமாரியில் கிடப்பது இருக்கிறது. ஆய்வாளர்கள் கழிவு போட்டுத்தான் கணக்குப் போட்டார்கள், ஆனாலும் கழிவு என்பதே ஒரு அனுமானம். இந்தப் பக்கம் இப்படியென்றால், நேரில் கேட்கிற கணக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில், கர்ப்பங்களில் சுமார் 3 சதவீதம் கருக்கலைப்பில் முடிந்ததாக வருகிறது. லான்செட் மதிப்பீட்டின்படியோ 2015இல் ஏற்பட்ட 4 கோடியே 81 லட்சம் கர்ப்பங்களில் மூன்றில் ஒன்று. ஒரே நாட்டுப் பெண்கள். நூற்றுக்கு மூன்று என்பதையும் மூன்றில் ஒன்று என்பதையும் கிட்டின் வீணான சரக்கை வைத்து மட்டும் விளக்கிவிட முடியாது. பெரும்பகுதி, "கலைஞ்சி போச்சு" கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மருத்துவமனைப் பதிவேட்டிலும் அதே கதைதான். மாத்திரை போட்டு ரத்தப்போக்கு நிற்காமல் வருகிறவருக்கும், தானாகக் கலைந்து வருகிறவருக்கும் அறிகுறி ஒன்று, சிகிச்சை ஒன்று. வந்தவர் சொன்னாலொழிய டாக்டருக்கும் வித்தியாசம் தெரியாது. "முழுமையடையாத கருச்சிதைவு" என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போவார்.

சரி, பாதுகாப்பு எப்படி? இங்கேதான் பொது விவாதத்தில் எண்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. இந்தியாவில் கருக்கலைப்புகளில் 67 சதவீதம் பாதுகாப்பற்றவை என்ற வாசகத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2022இல் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் அதை எடுத்தாண்டது. லான்செட் ஆய்வை மட்டும் படித்தவரோ அபாயகரமான முறையில் நடப்பது 5 சதவீதம் என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 67 சதவீதம் என்பது நாடு முழுக்கான எண் அல்ல. சுகாதாரத்தில் பின்தங்கிய ஒன்பது மாநிலங்களில் எடுத்த ஆண்டு சுகாதார ஆய்விலிருந்து வந்தது. எங்கே நடந்தது, யார் செய்தார் என்று பார்த்து, மருத்துவமனையும் தகுதியுள்ள கையும் இல்லாததைப் பாதுகாப்பற்றது என்கிற பார்வை அது. அந்தப் பார்வையில் பார்த்தால் வீட்டில் கிட் விழுங்கிய பெண்ணும், குச்சி செருகப்பட்ட பெண்ணும் ஒரே வரிசை. உலக சுகாதார நிறுவனம் 2017 வாக்கில் இந்தக் குழப்பத்தை உணர்ந்து மூன்றாகப் பிரித்தது: பாதுகாப்பானது, பாதுகாப்பு குறைந்தது, பாதுகாப்பே இல்லாதது. சரியான மாத்திரை, ஆனால் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றால் நடுவிலுள்ளது. இந்தியாவின் 1.15 கோடியில் பெரும்பகுதி அங்கேதான் விழும் என்று தோன்றுகிறது. 2022 மார்ச்சில் அதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் ஒரு படி போய், சரியான தகவலும் தேவைப்பட்டால் உதவியும் கிடைக்குமானால் 12 வாரம் வரை பெண்ணே மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம் என்றது.

அந்தத் "தகவல்" என்பதில்தான் தாராவியும் உலக சுகாதார நிறுவனம் இருக்கிற ஜெனீவாவும் பிரிகின்றன. மருந்துக்கடைக்குப் போவது பெரும்பாலும் கணவர். கடைக்காரர் அவரிடம் எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கேட்டால் உண்டு. கேட்காமல் விட்டால், பதினொன்றாவது வாரத்தில் இருப்பவருக்கும் அதே அட்டை போகும். கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலைக்கு ஆகாது, குழாய் வெடிக்கும் ஆபத்து அப்படியே இருக்கும். வலியும் ரத்தமும் வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்றே அவர் நினைத்துக்கொள்வார். எவ்வளவு ரத்தம் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள்.

இவ்வளவு பேர் மருந்துக்கடைக்குப் போவானேன், இந்தியாவில்தான் கருக்கலைப்பு சட்டப்படி சரியாச்சே? இந்தக் கேள்விக்குப் பதில் சட்டத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 312ஆம் பிரிவில் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும் விலக்கு. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி என்று தனியாக ஒரு விளக்கமும் சேர்த்தது. மூன்று வருடம் வரை சிறை, கரு அசையத் தொடங்கிய பிறகென்றால் ஏழு. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா. பிரிவின் எண் 88 ஆகிவிட்டது, சாரம் அப்படியே. 1971இல் வந்து 1972 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இந்தக் குற்றத்தை எடுத்துவிடவில்லை. பதிவுபெற்ற மருத்துவர் இன்ன இன்ன காரணத்துக்காகச் செய்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று மட்டும் சொன்னது. பாதுகாப்பு டாக்டருக்கு. பெண்ணுக்குக் கிடைத்தது, ஒரு டாக்டரைச் சம்மதிக்கவைக்கும் வாய்ப்பு.

அந்தக் காலத்தை யோசித்தால் இது ஆச்சரியமில்லை. "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று சுவர் சுவராக எழுதிக்கொண்டிருந்த காலம். மசோதாவை முன்வைத்தபோது சொன்ன நோக்கங்கள் மூன்று: ஆரோக்கியம், மனிதாபிமானம், நல்ல சந்ததி. பெண்ணின் உரிமை என்ற பேச்சு அதில் இல்லை. கருத்தடை தோற்றால் கலைக்கலாம் என்ற வசதி, கல்யாணமான பெண்ணுக்கும் அவள் கணவருக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. "அவள், அவளுடைய இணை" என்று அது மாற அரை நூற்றாண்டு ஆனது. 2021 செப்டம்பர் 24இல் அமலுக்கு வந்த திருத்தம் அது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்ப காலத்தில் விதவையானவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்ற சிலருக்கு இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால் 24 வாரம். அதற்கு மேல், கருவில் பெரிய குறைபாடு இருந்து மருத்துவ வாரியம் ஒப்புக்கொண்டாலோ, பெண்ணின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகத் தேவைப்பட்டாலோ மட்டும்.

சட்டம் தளர்ந்தால் கருக்கலைப்பு கூடும், இறுக்கினால் குறையும் என்ற வாதத்தை எங்கும் கேட்கலாம். நம் அக்கம்பக்கத்து நாடுகளின் எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதே போதும். 15 முதல் 49 வயதுள்ள ஆயிரம் பெண்களுக்கு, இந்தியாவில் 2015இல் 47. பாகிஸ்தானில் 2012இல் 50, அங்கே சட்டம் நம்மைவிட இறுக்கம். நேபாளத்தில் 2014இல் 42, அங்கே 2002 முதலே சட்டம் தளர்வு. பங்களாதேஷில் 39. சட்டத்தின் இறுக்கத்தை வைத்து இந்த வரிசையை யாராலும் ஊகித்திருக்க முடியாது. உலக அளவிலும், 2015–19இல் வருடத்துக்குச் சுமார் 7.3 கோடி என்று கணக்கிட்ட ஆய்வு, தடையுள்ள நாடுகளுக்கும் தடையற்ற நாடுகளுக்கும் இடையில் பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை. இன்னும் ஒரு சுவாரசியம்: தடையற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியாவையும் சீனாவையும் எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்து விகிதம் நன்றாகவே கீழே இறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் உரிமையைப் பறித்த பிறகு, 2023இல் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது, பத்தாண்டுகளில் இல்லாத உயரம். அங்கேயும் ஒரு காரணம் மாத்திரைதான், தபாலில் வருவது.

விகிதத்தை நகர்த்துவது சட்டம் இல்லை என்றால் வேறென்ன? கருத்தடைதான் என்று சொல்லிவிடலாம், ஆனால் இந்தியக் கருத்தடை எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆணுறை 9.5. மாத்திரை 5.1. காப்பர்-டி வகை 2.1. ஆண்கள் செய்துகொள்ளும் ஆபரேஷன் 0.3. அதாவது, இரண்டு பிள்ளை பெற்று முடித்தவளுக்கு நிரந்தர வழி தயாராக இருக்கிறது. முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், அல்லது இரண்டு பெற்றும் ஆபரேஷனுக்குப் பயந்து தள்ளிப்போடுகிற நாலைந்து வருடத்தில், பெரிதாக எதுவும் கையில் இல்லை. கருக்கலைப்பு என்றால் சினிமாவில் கல்யாணமாகாத கல்லூரிப் பெண் அழுதுகொண்டே படியேறுவாள். நிஜத்தில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஸ்கூலிலிருந்து பிள்ளையைக் கூட்டிவர நேரமாகிறதே என்று மணி பார்க்கிற கல்யாணமானவர்கள். அதே ஆய்வில் கலைத்ததாக ஒப்புக்கொண்டவர்கள் சொன்ன முதல் காரணம், திட்டமிடாத கர்ப்பம். கிட்டத்தட்ட பாதிப் பேர். கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே தாங்களாகச் செய்துகொண்டவர்கள்.

மகாராஷ்டிராவில் பேச்சு இங்கே வந்ததும் வேறு பக்கம் திரும்பிவிடும்: பெண் குழந்தைகள். காரணம் இருக்கிறது. 1980களில் மும்பையில் கருவிலேயே ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்லும் கிளினிக்குகள் வெளிப்படையாக விளம்பரம் செய்தன. இப்போது சில நூறு செலவழியுங்கள், பின்னால் வரதட்சணையில் லட்சங்கள் மிச்சம் என்கிற ரகம். மும்பைப் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கியதால் 1988இல் நாட்டிலேயே முதல் சட்டம் மகாராஷ்டிராவில் வந்தது. தேசியச் சட்டம் 1994இல். அது வெறும் காகிதமாகக் கிடக்கிறது என்று 2000த்தில் உச்ச நீதிமன்றம் போனவர்களிலும் சேஹத் உண்டு. அப்படியும், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001இல் 913 பெண் குழந்தைகள் என்றிருந்த மாநிலம், 2011இல் 894க்குச் சரிந்தது.

அடுத்து நடந்ததுதான் கோணல். 2012இல் பீட் மாவட்டத்தில் பெண் கருவைக் கலைக்கப்போய் ஒரு பெண் இறந்தார். மாநிலமே கொதித்தது. உணவு மருந்து நிர்வாகத்தின் சோதனைகள் மருந்துக்கடைகளில் குவிந்தன. யாருக்கு விற்றாய், சீட்டு எங்கே, ரசீது எங்கே. தலைவலி வேண்டாமென்று கடைக்காரர்கள் பலர் கிட் வாங்கி வைப்பதையே நிறுத்தினார்கள். ஆனால் கிட் ஒன்பது வாரம் வரைக்கும்தான். ஸ்கேனில் ஆணா பெண்ணா தெரிவதற்கு அதற்குப் பிறகும் சில வாரங்கள் ஆகும். பாலினம் பார்த்துக் கலைப்பதைத் தடுக்கப் பூட்டவேண்டிய கதவு ஸ்கேன் அறையினுடையது, பூட்டியது மருந்துக்கடையினுடையதை. தமிழ்நாட்டிலும் மருந்துக்கடைகளில் கிட் அநேகமாகக் கிடையாது. 2020இல் ஆறு மாநிலங்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், அங்கே நூற்றுக்கு இரண்டு கடைகளில்தான் இருந்தது. அசாமில் ஏறத்தாழ எழுபது. உசிலம்பட்டியும் சேலமும் தொட்டில் குழந்தைத் திட்டமும் நம் நினைவில் ஆழமாகப் பதிந்துவிட்டதால், சிசுக்கொலை, பாலினத் தேர்வு, கருக்கலைப்பு மூன்றும் தமிழ்ப் பேச்சில் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. "கருக்கொலை" என்று ஒரு சொல்லையும் உண்டாக்கி வைத்திருக்கிறோம். விழிப்புணர்வு போஸ்டரில் அந்தச் சொல்லைப் பார்க்கிற பெண், தான் எட்டாவது வாரத்தில் செய்ய நினைப்பதும் அதுதான் என்று எடுத்துக்கொண்டால் அவளைக் குறைசொல்ல முடியாது.

நீதிமன்றங்களின் விவாதம் இதற்கெல்லாம் எட்டாத உயரத்தில் நடக்கிறது. அங்கே வருவது பெரும்பாலும் 24 வாரம் தாண்டிய வழக்குகள். எண்ணிக்கையில் துளி, தலைப்புச் செய்தியில் முழுசும். இதன் தொடக்கமும் மும்பைதான். 2008இல், கருவின் இதயத்தில் கோளாறு இருப்பதைத் தாமதமாக அறிந்த ஒரு தம்பதியும் அவர்களுடைய மருத்துவர் நிகில் தாதாரும் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். அப்போது வரம்பு 20 வாரம். அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் வரம்பை ஏன் உயர்த்தக் கூடாது என்ற கேள்வி அன்று எழுந்தது, பதிலுக்குப் பதின்மூன்று வருடம் ஆனது. 2022 செப்டம்பர் 29இல், டெல்லியில் வசித்த 25 வயதுக் கல்யாணமாகாத பெண்ணின் வழக்கில், 24 வார வரம்பில் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற பேதம் கூடாது என்று டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கணவனின் வன்முறையால் உண்டான கர்ப்பத்துக்கும், இந்தச் சட்டத்தின் அளவில், அந்த வரம்பு பொருந்தும் என்றது. 2023 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் 32 வாரத்தைத் தாண்டிய ஒருவருக்கு அனுமதி தந்து, முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுடையது, மருத்துவ வாரியத்தினுடையது அல்ல என்றது. அதே வருடம் அக்டோபரில், பிரசவத்துக்குப் பின் வந்த மனநோயால் அவதிப்பட்ட, இரண்டு குழந்தைகளின் தாய்க்கு 26 வாரத்தில் உச்ச நீதிமன்றம் முதலில் அனுமதி தந்தது, பிறகு இரண்டு நீதிபதிகளும் பிரிந்தார்கள், கடைசியில் மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள்.

2024 ஏப்ரலில் நம் சயான் ஆஸ்பத்திரியின் பெயரும் டெல்லியில் அடிபட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளான 14 வயதுச் சிறுமி, ஏறக்குறைய 30 வாரம். மருத்துவர் குழு அமைத்துச் செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு வாரத்தில் பெற்றோர் மனம் மாறியதால் அந்த உத்தரவை நீதிமன்றமே திரும்பப் பெற்றது. இந்த வழக்குகளில் சட்டத்தைவிட நாட்காட்டிதான் கொடூரமானது. பதினாறு, பதினேழு வயதுப் பெண்களின் விஷயத்தில் நாள் தள்ளிப்போவதற்கு, சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டமும் ஒரு காரணம். 18க்குக் குறைந்தவர் கர்ப்பம் என்றால் போலீசுக்குச் சொல்வது கட்டாயம். பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு சொன்னாலும், வாசலில் போலீஸ் வரும் என்கிற பயத்தில் டாக்டரும் தயங்குகிறார், குடும்பமும் தயங்குகிறது, வாரங்கள் போகின்றன.

வயது வந்தவர்களுக்கோ சட்டம் கேட்பது ஒரே ஒரு கையெழுத்து. படிவம் சி. இன்னாருடைய மகள் அல்லது மனைவி, வயது இத்தனை, இந்த இடத்தில் என் கர்ப்பத்தைக் கலைக்கச் சம்மதிக்கிறேன் என்று நாலு வரி, கீழே அவருடைய கையெழுத்து. கணவருக்கு அதில் இடமே இல்லை.

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த ஒருவர் எட்டாவது வாரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஆறு. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அவர் மஸ்கட்டில். "அப்படின்னா மாமியார் வரட்டும்." மாமியாருக்குத் தெரியாமல்தான் இவர் வந்திருந்தார். இரண்டு மருந்துக்கடைகளில் கேட்டுப் பார்த்தார், இல்லை என்று தலையாட்டினார்கள். பதினோராவது வாரத்தில், புறநகரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில், யார் கையெழுத்தும் கேட்காமல் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு முடிந்தது. ரசீதை எனக்குக் காட்டினார். மாதவிடாய் அதிக உதிரப்போக்கு, டி.என்.சி. (கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது), ஒரு நாள் அறை வாடகை என்று எழுதியிருந்தது.